அபிநந்தனின் மிக்-21 மேஜை மேல் இறங்குகிறது! கரிக்கும் கறைக்கும் கணக்கு உண்டு!

அபிநந்தனை சென்னையில் தெரியாதவர் இல்லை. அவர் மீசையும் எல்லோருக்கும் தெரியும். அந்த மீசையை வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தவர்களும் உண்டு.

ஆனால் அவர் ஓட்டிப் போன விமானத்தின் நம்பர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சி.யு.2328.

அது மிக்-21 பைசன் ரகத்தைச் சேர்ந்த போர் விமானம். 2019 பிப்ரவரி 27-ந் தேதி காலை ஸ்ரீநகரில் இருந்து கிளம்பியது. திரும்பவில்லை. எல்லைக்கு அப்பால் விழுந்து நொறுங்கியது. பாரசூட்டில் குதித்துப் பிடிபட்ட விங் கமாண்டர் அபிநந்தன் மட்டும் மூன்றாம் நாள், மார்ச் 1-ந் தேதி இரவு, வாகா எல்லை வழியாக நடந்து வந்தார். காஞ்சீபுரம் பக்கத்தில் உள்ள திருப்பனமூர்தான் அந்தக் குடும்பத்தின் பூர்வீக ஊர்.

இப்போது மிக்-21 ரகமே இந்திய விமானப் படையில் இல்லை. 1963-ல் வந்து சேர்ந்த அந்த ரகத்துக்கு, 62 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகரில் விடை கொடுத்துவிட்டார்கள்.

இனி மிக்-21-ஐ மூன்று இடத்தில்தான் பார்க்க முடியும். ஒன்று மியூசியம். இரண்டு போட்டோ. மூன்றாவது, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஒட்டி வீட்டு மேஜை மேல் நிறுத்தும் மாடல்.

அந்த மாடலை ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. பெயிண்டும் அடித்துவிடலாம். கஷ்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நம்பரும் சின்னமும் சரியாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அழுக்கு சரியாக இருக்க வேண்டும்!

"அட, பொம்மைக்குப் போய் அழுக்குப் பூசுவாங்களா?" என்று கேட்கலாம். பூசுகிறார்கள். அதிலும் கண்ட இடத்தில் பூசினால் ஒப்புக்கொள்வதில்லை.

கைக்குள் அடங்கும்

மாடல்கள் பெரும்பாலும் இரண்டு அளவில் வருகின்றன. ஒன்று, நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. இன்னொன்று 48-ல் ஒரு பங்கு.

மிக்-21 விமானத்தின் இறக்கை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை 7.15 மீட்டர். 72-ல் ஒரு பங்கு என்றால் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கைக்குள் அடங்கிவிடும். 48-ல் ஒரு பங்கு என்றால் சுமார் 15 சென்டிமீட்டர்.

இந்தச் சின்ன உருவத்தில்தான் எண், வட்டச் சின்னம், எச்சரிக்கை எழுத்து, புகைக் கரி, எண்ணெய்க் கறை, வெயிலில் வெளுத்த சாயம் எல்லாம் வர வேண்டும்.

முதல் கேள்வி தேதி

அனுபவசாலிகள் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள். "எந்த விமானம்?" என்பது அல்ல. "எந்தத் தேதியில் இருந்த விமானம்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

காரணம் இருக்கிறது. மிக்-21 இந்தியாவுக்கு வந்தபோது வெள்ளி நிறத்தில் பளபளத்தது. 1971 போரை ஒட்டி அதன் மேல் பச்சையும் பழுப்பும் ஏறின. எல்லா விமானத்துக்கும் ஒரே வடிவம் என்ற ஒழுங்கு அப்போது கிடையாது. அந்தந்தப் படைப் பிரிவில் கிடைத்த பெயிண்டைக் கொண்டு அடித்தார்கள். கடைசிக் காலத்தில் பைசன் விமானங்கள் சாம்பல் நிறத்துக்கு மாறின.

ஆகவே 1971 டிசம்பர் 14-ந் தேதி டாக்கா கவர்னர் மாளிகை மீது ராக்கெட் வீசிய மிக்-21-ஐ சாம்பல் நிறத்தில் செய்தால் தப்பு. அபிநந்தன் விமானத்தைப் பச்சையும் பழுப்புமாக அடித்தாலும் தப்பு.

உடம்பு அமைப்பும் மாறியிருக்கிறது. 1971-ல் போன எப்.எல். ரகத்துக்கு உடம்புக்குள் பீரங்கி கிடையாது. தேவைப்பட்டால் வயிற்றுக்கு அடியில் தனிப் பெட்டியாக மாட்டினார்கள். பின்னால் வந்த 'பிஸ்' ரகத்தில் இரட்டைக் குழல் பீரங்கி வயிற்றிலேயே பதிந்திருக்கும். அந்த 'பிஸ்' விமானங்களைத்தான் பிறகு தரம் உயர்த்தி பைசன் ஆக்கினார்கள்.

அப்படி ஆக்கியபோது விமானியின் முன்கண்ணாடி மாறியது. பழையதில் சட்டம் போட்ட கண்ணாடி. பைசனில் சட்டம் இல்லாத ஒரே துண்டு. எண்ணும் மாறியது. பழைய 'பிஸ்' விமானத்தில் எண்ணுக்கு முன்னால் 'சி' என்ற ஆங்கில எழுத்து மட்டும். பைசனில் 'சி.யு.'

கடையில் வாங்கிய பெட்டியில் 'பிஸ்' ரகத்தின் கண்ணாடி இருந்து, அதன் மேல் 'சி.யு.' என்று எண் ஒட்டினால் விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

வட்டமும் எண்ணும்

இந்திய விமானப் படையின் வட்டச் சின்னத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால் வெளியே எந்த நிறம், நடுவே எந்த நிறம் என்று திடீரென்று கேட்டால் பலர் திணறுவார்கள். வெளி வளையம் காவி. அடுத்தது வெள்ளை. நடுப்பொட்டு பச்சை.

நிறம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அளவும் சரியாக இருக்க வேண்டும். ஒரு காலத்து விமானத்தில் பெரிதாக இருந்த சின்னம், இன்னொரு காலத்து விமானத்தில் சிறுத்துப்போயிருக்கும். பெட்டியில் வந்த படத்தை நம்பாமல், அந்த ஆண்டில் எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். அதுவும் இடது பக்கத்துக்கு ஒரு போட்டோ, வலது பக்கத்துக்கு ஒரு போட்டோ. ஒரு பக்கத்தைப் பார்த்து மறு பக்கத்தை ஊகித்தால் வம்புதான்.

உடம்பு முழுக்கப் பொடி எழுத்தில் எச்சரிக்கைகள் வேறு. "இங்கே மிதிக்காதே", "இங்கே தூக்கு" என்ற ரகம். மிக்-21 ரஷிய விமானம் என்பதால் மாடல் பெட்டிகளில் ரஷிய எழுத்துகள் வருவது உண்டு. ஆனால் இந்திய மிக்-21களில் ஏராளமானவை நாசிக் தொழிற்சாலையில் உருவானவை. அவற்றில் என்ன எழுத்து இருந்தது என்பதைப் படத்தில் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

வெள்ளிப் படலம்

இந்தச் சின்னங்கள் எல்லாம் 'டெக்கால்' என்ற மெல்லிய படலத்தில் அச்சாகி வருகின்றன. தண்ணீரில் நனைத்தால் காகிதத்தில் இருந்து நழுவும். மாடலில் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்கள் சிக்குவது இங்கேதான். ஒட்டும்போது நன்றாக இருக்கும். காய்ந்த பிறகு பார்த்தால் எண்ணைச் சுற்றி வெள்ளி போல ஒரு படலம் மினுக்கும். 'ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது' என்று ஊருக்கே சொல்லிவிடும்!

பெயிண்ட் சொரசொரப்பாக இருப்பதுதான் காரணம். அந்தச் சொரசொரப்புக்கும் படலத்துக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது.

பரிகாரம் சுலபம். டெக்கால் ஒட்டுவதற்கு முன் மாடல் முழுக்கப் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிட வேண்டும். தரை வழவழப்பாகிவிட்டால் காற்று தங்காது. ஒட்டிய பிறகு, படலத்தை இளக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டால், அது கோடுகளுக்குள் பதிந்து பெயிண்ட் அடித்தது போலவே ஆகிவிடும். அப்படியும் குமிழி தெரிந்தால் ஊசி முனையால் குத்தி இன்னொரு சொட்டு. கடைசியில் மங்கல் வார்னிஷ் அடித்தால் பளபளப்பு மறைந்துவிடும்.

மாநகர பஸ் சொல்லும் பாடம்

அடுத்தது அழுக்கு. இதற்குப் புத்தகம் தேட வேண்டாம். மாநகர பஸ்சைப் பார்த்தாலே போதும்.

ஓடி உழைத்த பஸ் ஒன்று பாரிமுனையில் வந்து நிற்கிறது. அதில் எங்கே பெயிண்ட் தேய்ந்திருக்கிறது? படிக்கட்டில், கைப்பிடிக் கம்பியில், டிரைவர் ஏறும் கதவில். எங்கே சேறு? டயருக்குப் பின்னால். எங்கே கரி? புகைக் குழாய்க்குப் பக்கத்தில். கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வழிந்த கோடு. ஜன்னலுக்குக் கீழே பயணிகள் செய்த புண்ணியம்!

ஆக, அழுக்கு கண்ட இடத்தில் வருவதில்லை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. விமானமும் அப்படித்தான்.

இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் மெக்கானிக்குகள் கால் வைத்து ஏறுவார்கள். அங்கே பூட்ஸ் தடம். அடிக்கடி கழற்றி மாட்டும் மூடிகளின் ஓரத்திலும், திருகாணிகளைச் சுற்றியும் பெயிண்ட் தேய்ந்திருக்கும். வயிற்றுக்கு அடியில் எண்ணெய் கசிந்து பின்னோக்கி ஓடிய கோடு. பீரங்கி வாய்க்குப் பின்னால் புகைக் கரி.

கோடு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் முக்கியம். பறக்கும்போது கசிந்தால் காற்று அதைப் பின்னால் இழுக்கும். நிற்கும்போது கசிந்தால் கீழே சொட்டும். எல்லாக் கோட்டையும் மேலிருந்து கீழாக இழுத்துவிட்டால் அது விமானம் அல்ல, மழையில் நனைந்த வீட்டுச் சுவர்!

துரு பூசாதே!

அழுக்குப் பூசுவதில் பலர் செய்யும் பெரிய தப்பு, செந்துரு. விமானத்தின் மேல்தோல் அலுமினியக் கலவை. அது இரும்பு போல் சிவப்பாகத் துருப்பிடிக்காது. அரித்தால் வெளுத்த பொடிதான் பூக்கும். செந்துருவை வாரிப் பூசினால் பார்க்க பழைய லாரி மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது தப்பு, மூக்கில் வெள்ளிப் பொட்டு. பெயிண்ட் உதிர்ந்தால் உள்ளே அலுமினியம் மின்னும் என்பது சரிதான். ஆனால் மிக்-21-ன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு உலோகம் அல்ல. உள்ளே ரேடார் இருக்கிறது. அலைகள் வெளியே போக வேண்டும் என்பதால் அதை வேறு பொருளில் செய்திருக்கிறார்கள். அங்கே பெயிண்ட் உதிர்ந்தாலும் வெள்ளி தெரியாது.

வால் பக்கம் கதை வேறு. தீ கக்கும் குழாயைச் சுற்றிப் பெயிண்ட் நிற்காது. வெறும் உலோகம் சூட்டில் பழுத்து, சில இடத்தில் பழுப்பு, சில இடத்தில் நீலம் என்று இருக்கும். மோட்டார் சைக்கிள் சைலன்சர் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

மில்லிமீட்டர் கணக்கு

எவ்வளவு பூசுவது? இதற்கும் கணக்கு இருக்கிறது.

72-ல் ஒரு பங்கு மாடலில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு பெயிண்ட் உதிர்ந்த பொட்டு வைத்தால், நிஜ விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்துபோனதாக அர்த்தம்! அந்த மாதிரி நாலைந்து பொட்டு இருந்தால், அந்த விமானத்தைப் பறக்க விட்ட அதிகாரி பதில் சொல்ல வேண்டி வரும்.

தகடுகளின் இணைப்புக் கோடும் அப்படியே. மாடலில் கால் மில்லிமீட்டர் கோட்டுக்குக் கன்னங்கரேல் என்று மை தீட்டினால், நிஜத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. விரலே நுழைந்துவிடும்.

அதனால்தான் கருப்புக்குப் பதில் சாம்பலும் பழுப்பும் கலந்து, ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் தண்ணீர் மாதிரி கரைத்து, கோட்டில் ஒரு சொட்டு வைக்கிறார்கள். அது தானாகவே கோட்டோடு ஓடும். காய்ந்ததும் துணியால் காற்று போகும் திசையில் துடைத்தால், மிச்சம் நிற்பதுதான் தேவையான அழுக்கு.

தூரமும் கணக்கில் சேரும். ஓர் அடி தூரத்தில் மாடலைப் பார்ப்பது, நிஜ விமானத்தை 72 அடி தூரத்தில் இருந்து பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் நிறம் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். ஆகவே நிஜ விமானத்தின் பெயிண்டையே கொண்டுவந்து அடித்தாலும் மாடல் கருத்துக் காட்டும். சிறிது வெள்ளை கலந்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும்.

ஊருக்கு ஊர் அழுக்கு

விமானம் எந்த ஊரில் நின்றது என்பதையும் அழுக்கு சொல்லும்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் இருந்த மிக்-21களுக்கு வெயிலும் மணலும். மேல்புறம் வெளுக்கும். டயரிலும் சக்கரக் கதவிலும் மண் படியும். விமானந்தாங்கிக் கப்பலில் நிற்கும் விமானத்துக்கு உப்புக் காற்று. அரிப்பைத் தடுக்க அங்கங்கே புதுப் பெயிண்ட் தொட்டுத் தொட்டு, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும்.

அபிநந்தன் இருந்தது 51-வது படைப் பிரிவு. அது ஸ்ரீநகரில் இருந்தது. 2022 செப்டம்பரில் அந்தப் பிரிவின் மிக்-21களுக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. பிப்ரவரி மாதத்துக் காஷ்மீர் என்றால் குளிரும் ஈரமும். பாலைவன மணலை அந்த விமானத்தின் மேல் தூவினால் பொருந்தாது.

எரிந்த கரி வேறு

சி.யு.2328 விழுந்த பிறகு அதன் சிதைவுகளின் படங்கள் உலகம் முழுக்க வெளியாகின. எண்ணும் எழுத்தும் எப்படி இருந்தன என்று பார்க்க மாடல் செய்கிறவர்களுக்கு அவை உதவுகின்றன.

ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிதைவில் தெரியும் கரி, விமானம் எரிந்ததால் வந்த கரி. காலையில் ஓடுபாதையில் நின்றபோது அது கிடையாது. அதைப் பார்த்து மாடலில் பூசினால், எரிந்துபோன விமானத்தை எரிவதற்கு முன்பே எரித்த மாதிரி ஆகும்!

வெற்றிச் சின்னம் உண்டா?

இனிதான் பலருக்கும் கை துறுதுறுக்கும் விஷயம்.

எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தினால், தன் விமானத்தில் சிறிய சின்னம் வரைந்துகொள்வது பல நாட்டு விமானப் படைகளின் பழக்கம். பாகிஸ்தானின் எப்-16 விமானம் ஒன்றை அபிநந்தன் வீழ்த்தினார் என்று இந்தியா சொல்கிறது. பாகிஸ்தான் மறுக்கிறது. அபிநந்தனுக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டு, 2021 நவம்பரில் ஜனாதிபதி கையால் வழங்கப்பட்டது.

அப்படியானால் மாடலில் ஒரு எப்-16 சின்னம் வரையலாமா? ஆசை இருக்கலாம். ஆனால் கூடாது.

இரண்டு நாட்டு வாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சின்னம் வரைய வேண்டுமானால் விமானம் திரும்பி வந்திருக்க வேண்டும். சி.யு.2328 திரும்பவே இல்லை. சண்டை நடந்த அன்றே விழுந்துவிட்டது. அதன் மேல் பெயிண்ட் பிரஷ் வைக்க யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

எப்-16-ஐ வீழ்த்தியதைக் குறிக்கும் 'பேட்ச்' ஒன்றை 51-வது பிரிவினர் அணிந்ததாக 2019-ல் செய்தி வந்தது. அதுவும் சம்பவத்துக்குப் பிறகு வந்தது. உடுப்பில் அணிவது. அந்த விமானத்தில் ஏறவில்லை.

ஆகவே பெருமைக்காக ஒரு சின்னம் கூட்டினாலும் பொய். அழகுக்காக ஒரு கறை குறைத்தாலும் பொய். அந்தக் காலையில் கிளம்பிய விமானம் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். அபிநந்தனுக்கு அதுவே மரியாதை.

இன்னொரு சிறு விஷயம். இறக்கைக்கு அடியில் ஏவுகணைகள் தொங்க வேண்டும். தினமும் பறக்கும் விமானம் அழுக்காகும். தேவைப்படும்போது எடுத்து மாட்டும் ஏவுகணை அவ்வளவு அழுக்காகாது. இரண்டுக்கும் ஒரே அழுக்குப் பூசக்கூடாது.

எங்கே பார்ப்பது?

நிஜ மிக்-21-ஐக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் டெல்லி பாலத்தில் உள்ள விமானப் படை மியூசியத்துக்குப் போகலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் ராத்திரி ரெயில் ஏறினால் காலையில் பெங்களூர். அங்கே எச்.ஏ.எல். நிறுவனத்தின் மியூசியத்தில் மிக்-21 நிற்கிறது.

உருவம், மூக்கு, சக்கரம், இறக்கையின் கோணம் எல்லாம் அங்கே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் பெயிண்டையும் அழுக்கையும் அங்கே பார்த்துக் காப்பி அடிக்கக்கூடாது. மியூசியத்தில் நிற்கும் விமானத்துக்கு மறுபடி மறுபடி பெயிண்ட் அடித்திருப்பார்கள். வெயிலில் நிற்பது வெயிலில் வெளுத்திருக்கும், பறந்து வெளுத்தது அல்ல. விடைபெறும் விழாவில் எடுத்த படங்களும் அப்படியே. கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி கழுவித் துடைத்து நிறுத்தியிருப்பார்கள்.

வேலையில் இருந்த நாளில், வேலை செய்த இடத்தில் எடுத்த போட்டோதான் சாட்சி.

எல்லாம் முடிந்த பிறகு, மாடலை ஒரு மரப் பலகையில் நிறுத்தி, கீழே சிறிய பெயர்ச்சீட்டு ஒட்டுவது வழக்கம். இந்த விமானத்துக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான்:-

"மிக்-21 பைசன். சி.யு.2328. 51-வது படைப் பிரிவு, ஸ்ரீநகர். 27-2-2019, காலை, புறப்படும் முன்."